வீட்டு கோல்ஃப் சிமுலேட்டருக்கு மேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிச்சிகனில் நவம்பர் பாதியிலேயே பெரும்பாலான கோல்ஃப் மைதானங்கள் கடையைக் கட்டிவிடும். மறுபடி திறக்க ஏப்ரல் ஆகிவிடும். இடையில் கராஜிலும் பேஸ்மென்ட்டிலும் வலை கட்டித் திரை தொங்கவிட்டு அடிப்பவர்கள் நம்மவர்களிலேயே நிறைய உண்டு. நானும் நான்கு குளிர்காலமாக அப்படித்தான் அடிக்கிறேன். அதற்குள் இரண்டு மேட்களை (பந்தை வைத்து, நின்று அடிக்கும் செயற்கைப் புல் விரிப்புகள்) தேய்த்துத் தூக்கிப் போட்டாயிற்று. ஒரு முழங்கையை ஆறு மாதம் ஓய்வில் வைத்ததும் ஆயிற்று. புதிதாக இப்படி வலையும் திரையுமாக வீட்டில் சிமுலேட்டர் போடும் நண்பர்கள் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும் கீழே. வலது கை ஆட்டக்காரர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

லாஞ்ச் மானிட்டர் (அடித்த பந்து எப்படிக் கிளம்பியது என்று அளக்கும் கருவி), திரை, புரொஜெக்டர் எல்லாம் வாங்கியாயிற்று. மிச்சம் 80 டாலர் இருக்கிறது. அதில் ஒரு மேட் வாங்கினால் போதாதா?

போதாது. எல்லோரும் செய்கிற தவறு இது, நானும் செய்தேன். பணமெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குப் போய்விடுகிறது, காலடியில் கிடப்பதற்குக் கடைசியில் மிஞ்சிய சில்லறைதான். ஆனால் இந்த மொத்த ஏற்பாட்டில் உங்கள் உடம்போடு மோதுகிற பொருள் மேட் ஒன்றுதான். திரை மங்கலாக இருந்தால் கண் கொஞ்சம் சலிக்கும். மேட் மோசமாக இருந்தால் கை போய்விடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 அயர்ன் என்கிற இரும்புக் கிளப்பின் (பந்தை அடிக்கும் மட்டையின்) தலை ஏறக்குறைய 270 கிராம். சாதாரண ஆட்டக்காரர் அதை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார். அயர்னைக் கீழ்நோக்கித்தான் அடிக்க வேண்டும்; தொழில்முறை வீரர்களின் 7 அயர்ன் சராசரியாக 4 டிகிரி சாய்வில் பந்தில் இறங்குகிறது. பந்தைத் தொட்ட பிறகும் தலை கீழே போய்க்கொண்டே இருக்கும். புல்தரையில் மண் வழிவிடும். ஒரு கைப்பிடி புல்லும் மண்ணும் பெயர்ந்து போகும். அதைத்தான் டிவட் என்கிறோம். கான்கிரீட் மேல் கிடக்கும் அரை அங்குல மேட்டில் எது வழிவிடும்? தலை தரையில் இடித்து நிற்கும், அந்த அதிர்ச்சி ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) வழியாக நேராக முழங்கைக்கு ஏறும். ஒரு நாளைக்கு 100 பந்து, வாரத்தில் நான்கு நாள் என்று வைத்தால் ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை இடி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் மேட்டுக்குப் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் மற்றதை வாங்குங்கள்.

முழங்கை வலி, முழங்கை வலி என்கிறார்களே, அது நிஜமா?

நிஜம்தான். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் டென்னிஸ் எல்போ, உள்பக்கம் வலித்தால் கோல்ஃபர்ஸ் எல்போ. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இரண்டும் வரும், முன்னால் இருக்கும் இடது கையில் வெளிப்பக்க வலி வருவது மிகச் சகஜம். இரண்டுமே எலும்போடு தசையைக் கட்டிவைக்கும் நார்களில் திரும்பத் திரும்ப ஏற்படும் சேதம். ஒரே அடியில் வருவதில்லை, அதனால்தான் ஆபத்து.

எனக்கு முதல் குளிர்காலத்தில் ஜனவரி கடைசியில் ஆரம்பித்தது. முதலில் காப்பிக் கோப்பையைத் தூக்கும்போது சுருக்கென்றது. சளிப்பிடித்தது மாதிரி தானாகப் போய்விடும் என்று இன்னும் மூன்று வாரம் அடித்தேன். மார்ச்சில் கதவுக் குமிழைத் திருக முடியவில்லை. ஏப்ரலில் மைதானம் திறந்தபோது நண்பர்கள் ஆட, நான் வண்டி ஓட்டினேன்.

உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே மணிக்கட்டை ஒட்டி அழுத்தினால் வலிக்கிறதென்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஹேமேட் என்ற சிறிய எலும்பில் கொக்கி மாதிரி ஒரு நீட்டம் உண்டு. கிளப்பின் பிடி முனை அதன் மேல்தான் உட்காருகிறது. கெட்டியான தரையில் இடித்து அது முறிவது கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த காயம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுவதும் உண்டு.

‘மேட் பொய் சொல்லும்’ என்றால் என்ன அர்த்தம்?

சரி, எனக்குப் பிடித்த கேள்விக்கு வந்துவிட்டோம்.

புல்லில் பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னதாகவே தரையைத் தட்டினால், அதாவது ஃபேட் ஷாட் அடித்தால், தலை மண்ணில் புதைந்து வேகம் செத்துவிடும். 150 கஜம் போக வேண்டிய பந்து 90 கஜத்தில் விழும். கெட்டியான மேட்டில் அதே தவறைச் செய்தால் தலை தரையில் பட்டு எழும்பி, வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடிக்கும். லாஞ்ச் மானிட்டருக்குப் பந்து எப்படிக் கிளம்பியது என்பதுதான் கணக்கு. அது 145 கஜம் என்று காட்டும். நீங்களும் மகிழ்ச்சியாக அடுத்த பந்தை வைப்பீர்கள். ஐந்து மாதம் இப்படியே அடித்துவிட்டு ஏப்ரலில் மைதானத்துக்குப் போனால், முதல் துளையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆக, கெட்டியான மேட் இரண்டு வேலை செய்கிறது: கையைக் கெடுக்கிறது, கெடுத்ததைச் சொல்லாமல் மறைக்கவும் செய்கிறது. நல்ல மேட்டில் ஃபேட் ஷாட் அடித்தால் தலை கொஞ்சமாவது உள்ளே இறங்கும், வேகம் குறையும், தூரமும் குறையும். புல் மாதிரியே தண்டிக்கும் மேட் எதுவும் இல்லை. ஆனால் ‘இது சரியில்லை’ என்று கைக்குத் தெரிந்தால் போதும்.

எந்த மேட்டாக இருந்தாலும் பந்துக்கு நான்கு அங்குலம் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்து அடித்துப் பாருங்கள். துண்டு பறந்தால் ஃபேட். கராஜில் பொய் சொல்லாத ஒரே கருவி அந்தத் துண்டுதான். தடவினால் நிறம் மாறும் வெல்வெட் மாதிரித் துணி போர்த்திய பயிற்சிப் பலகைகளும் கிடைக்கின்றன. தலை எங்கே தரையைத் தொட்டது என்று கோடு விழும். நல்ல யோசனைதான், துண்டு இலவசம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

ஓட்டல் வாசலில் கிடக்கும் பச்சைக் கம்பளம் மாதிரி ரப்பர் மேல் ஒட்டிய மெல்லிய மேட்கள் ஒரு வகை. சிப்பிங் (பந்தைக் கொஞ்ச தூரம் மட்டும் தட்டுவது) பழக அவை போதும். முழு வீச்சுக்கு வேண்டாம்.

அடுத்தது, அடர்த்தியான நைலான் இழைகளை அடியில் ஃபோமோடு சேர்த்த தடிமனான மேட்கள். ரியல் ஃபீல் நிறுவனத்தின் கன்ட்ரி கிளப் எலீட் இந்த வகையில் பெயர் பெற்றது. இழை நெருக்கமாக இருப்பதால் மர டீயை (பந்தைத் தூக்கி நிறுத்தும் சிறு குச்சி) நேராகக் குத்தலாம். ஃபைபர்பில்ட் வேறு வழியில் போகிறது: இழைகள் பிரஷ் மயிர் மாதிரி நட்டுக்குத்தலாக நிற்கும், தலை அவற்றின் ஊடே போகும். ட்ரூஸ்ட்ரைக்கில் அடிக்கும் பகுதிக்கு அடியில் ஜெல் இருக்கிறது. தலை பட்டதும் மேற்பரப்பு முன்னால் நகர்ந்து திரும்ப வரும், டிவட் எடுத்த மாதிரி ஓர் உணர்வு கிடைக்கும்.

இதில் எது சிறந்தது என்று சண்டை போட நான் தயாரில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: நிற்கும் பகுதியும் அடிக்கும் பகுதியும் தனித்தனியாக இருக்க வேண்டும், அடிக்கும் பட்டையை மட்டும் கழற்றி மாற்ற முடிய வேண்டும். ஐந்துக்கு ஐந்து அடி மேட்டில் நீங்கள் உண்மையில் தேய்ப்பது ஒரு தோசைக்கல் அளவு இடத்தை. அதற்காக மொத்தத்தையும் குப்பையில் போடுவது வயிற்றெரிச்சல்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

முஷ்டியை மடக்கி, அடிக்கும் இடத்தில் ஓங்கி ஒரு குத்து. ஆமாம், அவ்வளவுதான். கை கூசினால் வாங்காதீர்கள், ஏனென்றால் கிளப் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் குத்தப்போகிறது. கடையில் அடித்துப் பார்க்க விட்டால், நல்ல அடியை அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. பந்தைச் சுத்தமாகத் தொட்டால் எந்த மேட்டும் நன்றாகத்தான் இருக்கும். வேண்டுமென்றே பந்துக்குப் பின்னால் தட்டுங்கள், முழு வேகத்தில் வேண்டாம், பாதி வேகத்தில். மணிக்கட்டு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். கிளப் தலை ‘டக்’ என்று துள்ளினால் அந்த மேட் வேண்டாம்.

ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று முதலில் பாருங்கள். இவை 30, 40 கிலோ வரை எடை வரும் சாமான்கள்.

எவ்வளவு பெரிதாக வாங்க வேண்டும்? கூரை இடிக்குமா?

ஐந்துக்கு ஐந்து அடி ஒருவருக்குத் தாராளம். வீட்டில் இடது கைக்காரர் ஒருவரும் இருந்தால், நடுவில் பட்டை வைத்து இரண்டு பக்கமும் நிற்கும்படி ஒன்பது, பத்து அடி அகலம் தேவைப்படும்.

மேட்டின் தடிமனைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேட் இரண்டு அங்குலம், அடியில் ஃபோம் ஒரு அங்குலம் என்றால் நீங்கள் மூன்று அங்குலம் உயரமாகிவிட்டீர்கள். அதே அளவுக்குக் கூரை இறங்கிவிட்டது. டிரைவர் (அதிகத் தூரம் அடிக்கும் மிக நீளமான கிளப்) பொதுவாக 45 அங்குல நீளம். பத்தடிக் கூரையில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை, எட்டரை அடியில் மூன்று அங்குலம் பெரிய விஷயம். வாங்கும் முன் அதே உயரத்துக்குப் பலகைகளை அடுக்கி, அதன் மேல் நின்று டிரைவரை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். இடிக்குமோ என்ற பயம் இருந்தாலே போதும், உடம்பு தானாகக் குனிந்து வீச்சைக் கெடுத்துவிடும்.

காலும் பந்தும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தரையில் நின்றுகொண்டு தடித்த பட்டையில் பந்தை வைத்து அடித்தால், பந்து காலைவிட மேலே இருக்கும் சரிவில் ஆடுவது மாதிரி. பந்து இடது பக்கம் போகும், நீங்களோ பிடியைச் சந்தேகிப்பீர்கள்.

லாஞ்ச் மானிட்டருக்கும் மேட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஸ்கைட்ராக் மாதிரி பக்கத்தில் உட்காரும் கேமரா வகைகள் பந்து இருக்கும் மட்டத்திலேயே இருக்க வேண்டும். கருவி தரையில், பந்து மூன்று அங்குலம் மேலே என்றால் அளவுகள் கோணலாகும். கார்மின் ஆர்10 மாதிரி பின்னால் வைக்கும் ரேடார் வகைகளுக்கும் இதே கதைதான். மிச்சமான ஃபோம் துண்டுகளை அடுக்கி உயரத்தைச் சமன் செய்துகொள்ளுங்கள். கூரையில் மாட்டும் வகை என்றால், மேட்டின் உயரம் மாறியதும் மறுபடி அளவீட்டைச் சரிசெய்ய வேண்டும்.

டிரைவருக்கு ரப்பர் டீயா, மர டீயா?

மர டீ குத்த முடிகிற மேட் என்றால் மர டீ. உயரத்தை விருப்பம்போல் மாற்றலாம். ரப்பர் டீக்குத் துளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நிற்க வேண்டும், உயரமும் வாங்கிய அளவுதான். ஆனால் மர டீ உடைந்து துண்டு உள்ளே மாட்டிக்கொண்டால் உடனே எடுத்துவிடுங்கள். அடுத்த அயர்ன் அடியில் அது கிளப்பைக் கீறும்.

கான்கிரீட் மேல் நேராகப் போடலாமா?

மேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போடாதீர்கள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் ஓடுகள், உடற்பயிற்சி அறைகளில் போடுவது, அவற்றை மொத்தப் பரப்புக்கும் கீழே விரியுங்கள். அடிக்கும் இடத்துக்கு அடியில் மட்டும் வைத்தால் அந்த இடம் மேடாகிவிடும். ரொம்ப மெத்தென்றும் வேண்டாம், மெத்தை மேல் நின்று அடிப்பது போல் கால் ஆடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கான்கிரீட் ஈரத்தை மூச்சு விடும். ரப்பர் அடிப்பாகம் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது வருடம் நான் மேட்டைத் தூக்கியபோது அடியில் கறுப்பாகப் பூஞ்சை. மழைக்காலத்தில் பூட்டி வைத்த பரண் வாசனை. இப்போது ஃபோமுக்கு அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறேன்.

ஒரே இடத்தில் பள்ளம் விழுந்துவிடுகிறது. மேட்டை எப்படிக் காப்பாற்றுவது?

பந்தை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். கேட்க எளிது, செய்ய மாட்டோம். லாஞ்ச் மானிட்டரை ஓரிடத்தில் வைத்துவிட்டால் அது பார்க்கும் சின்னச் சதுரத்துக்குள்தான் பந்து. அந்தச் சதுரத்துக்குள்ளேயே நான்கு மூலை இருக்கிறது, நடு இருக்கிறது. நான் திங்களன்று ஒரு மூலை, செவ்வாயன்று இன்னொரு மூலை என்று வைத்துக்கொண்டேன். ஒரே புள்ளியில் அடித்த முதல் மேட் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. சுற்றி வந்து அடிக்கும் இப்போதைய பட்டை இரண்டாவது பருவத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், மேட்டையே திருப்புங்கள். சதுர மேட் என்றால் நான்கு பக்கமும் உங்களுக்குத்தான். இழைகள் அடி வாங்கி வாங்கி ஒரே பக்கம் சாய்ந்து படுத்துவிடும். 180 டிகிரி திருப்பினால் எதிர்ப்பக்கத்திலிருந்து அடி விழுந்து கொஞ்சம் நிமிரும். என்றைக்குத் திருப்பினோம் என்று அடிப்பக்கத்தில் மார்க்கரால் தேதி எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் சத்தியமாக மறந்துவிடும்.

மேட்டை அதிகம் தின்பவை வெட்ஜும் (குறைந்த தூரத்துக்கான, முகம் நன்றாகச் சாய்ந்த கிளப்) குட்டை அயர்ன்களும்தான். அவை செங்குத்தாக இறங்குகின்றன, விளிம்பும் கூர்மை. அவற்றுக்கென்று பழைய பட்டை ஒன்றை ஒதுக்கிவிட்டால் புதியது பிழைக்கும். ஒரே மூச்சில் 100 வெட்ஜ் அடிப்பதை நிறுத்தினால் முழங்கையும் பிழைக்கும். டிரைவரும் மேட்டைக் கிழிக்கும், ஆனால் டீயைத் தாழ வைத்து மேலிருந்து வெட்டுகிறவர்களுக்கு மட்டும்.

ஆணி வைத்த ஷூ வேண்டவே வேண்டாம். சாக்ஸோடு அடிக்கிறேன் என்று ஒரு நண்பர் என் வீட்டுக்கு வந்தார்; வழுக்கி விழப் பார்த்தார். தட்டையான ரப்பர் அடி உள்ள ஷூ, வெளியில் போடாத ஜோடி, அதுதான் சரி. ஷூவில் ஒட்டிவரும் மணல் இழைகளின் வேரில் இறங்கி உப்புத்தாள் மாதிரி அறுக்கும்.

கிளப்பின் அடியில் பச்சைக் கோடுகள் விழுகின்றன. கிளப் கெட்டுவிட்டதா?

இல்லை, அது மேட்டின் இழை. உரசும் சூட்டில் இழையின் நுனி இளகிக் கிளப்பில் தீற்றிக்கொள்கிறது. நைலானில் ஒரு வகை 220 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும், இன்னொரு வகை 260ஐத் தாண்டும். மலிவான மேட்களில் வரும் பாலிபுரொப்பிலீன் 165 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அடித்த இரண்டே நாளில் கிளப் பச்சையாகிறதென்றால் மேட் எந்த ரகம் என்று புரிந்துகொள்ளலாம்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் பொறுமை. நெயில் பாலிஷ் ரிமூவரை எடுக்காதீர்கள். அதிலுள்ள அசிட்டோன், ஷாஃப்டும் தலையும் சேரும் இடத்தில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் வளையத்தை இளக்கிவிடும்.

நைலான் புல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு. ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட மைதானம் 1965இல் திறந்தபோது உள்ளே நிஜப் புல்தான். ஒளி புகும் பிளாஸ்டிக் கூரையின் கூச்சத்தில் பேஸ்பால் வீரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் போயிற்று, புல்லும் செத்தது. 1966இல் மான்சான்டோ நிறுவனத்தின் நைலான் புல்லை விரித்தார்கள். அதற்கு முன் கெம்கிராஸ் என்றிருந்த பெயர் ஆஸ்ட்ரோடர்ஃப் ஆனது அப்படித்தான்.

எப்படிச் சுத்தம் செய்வது?

வாரம் ஒருமுறை வாக்குவம் போடுங்கள், சுழலும் பிரஷ் இல்லாத முனையால். எப்போதாவது ஈரத்துணியும் கொஞ்சம் சோப்பும். பிறகு நன்றாகக் காய வேண்டும். மேட்டின் அழுக்கு பந்துக்குப் போகும், பந்திலிருந்து திரைக்குப் போகும். திரையில் கறை விழுகிறதென்றால் முதலில் மேட்டையும் பந்தையும் பாருங்கள்.

அதே கராஜில் காரும் நிற்கிறது. மேட்டின் மேல் ஏற்றலாமா?

கூடாது. டயரின் எடை ஃபோமை நிரந்தரமாக அமுக்கிவிடும். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, உருகிய சேறு, எண்ணெய் எல்லாம் மேட்டுக்குள் போகும். சுருட்டி ஓரமாக வையுங்கள். மடிக்காதீர்கள், மடிப்பில் விரிசல் விடும்.

கடும் குளிரில் ஃபோமும் ரப்பரும் விறைத்துவிடும். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் கராஜில் நல்ல மேட்டும் கெட்டியாகத்தான் அடிக்கும். அரை மணி நேரம் முன்னதாக ஹீட்டரைப் போடுங்கள், ஆனால் அனல் நேரே மேட்டில் படாதபடி தள்ளி வையுங்கள்.

ஊரில் மொட்டை மாடியில் வலை கட்டியிருக்கிறேன். மேட்டை அங்கேயே விட்டு வைக்கலாமா?

சென்னையிலிருந்து மச்சான் கேட்ட கேள்வி. விடாதீர்கள். புற ஊதாக் கதிர் இழைகளை மொறுமொறுப்பாக்கிவிடும், நிறமும் வெளுக்கும். அடித்து முடித்ததும் நிழலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். மழையில் ஊறிய ஃபோம் காய நாள்கணக்காகும்.

எப்போது மாற்ற வேண்டும்?

இழைகளுக்கு நடுவே அடிப்பரப்பு தெரிந்தால். கைவிரலால் அழுத்தும்போது பள்ளம் திரும்பி எழாவிட்டால். பந்தை வைத்தால் அது தானாக அந்தக் குழியில் போய் உட்கார்ந்தால். இவை எதுவும் இல்லாமல், அடித்த மறுநாள் காலை காப்பிக் கோப்பையைத் தூக்கும்போது முழங்கையில் சுருக்கென்றால் மேட் புதிதாகத் தெரிந்தாலும் அடிப்பதை நிறுத்துங்கள், வலி போகும்வரை சிப்பிங்கும் புட்டிங்கும் (பந்தைத் தரையோடு உருட்டுவது) மட்டும்.

பழைய மேட்டை யாராவது கொடுத்தால் வாங்கலாமா?

நிற்கும் பகுதிக்கு, தாராளமாக. அடிக்கும் பட்டை மட்டும் புதிதாக இருக்கட்டும். என் முதல் மேட்டின் துண்டு இன்னும் வீட்டில் இருக்கிறது, பின்வாசலில் பனி பூட்ஸ் வைக்க.